அகக் கட்டளையும் புறக் கட்டளையும்

‘மா’ என்னும் ஒரு சொல் மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். எப்பொருளில் வந்ததென அறியாது உரைகாணப் புகுவோன் இடர்ப்படுவான். கணினிக் கட்டளைகளிலும் இத்தகைய மயக்கம் உண்டு. யூனிக்ஸ், லினக்ஸ் முறைமைகளில் நாம் தட்டச்சிடும் கட்டளைகளை ஏற்று நடத்துவது ஷெல் என்னும் மென்பொருள். அக்கட்டளைகளுட் சிலவற்றை ஷெல் தானே நிறைவேற்றும். அவற்றை அகக் கட்டளைகள் என்போம். ஏனையவற்றுக்கு, வட்டிலே தனிக்கோப்பாய் உள்ள நிரலை அது அழைக்கும். அவை புறக் கட்டளைகள்.

இவ்விரு வகையும் வேண்டப்படுவதேன்? கோப்புறை மாற்றும் ‘சிடி’ என்னும் கட்டளை இதனை நன்கு விளக்கும். புற நிரலை அழைக்குங்கால் ஷெல் தன்னின் வேறான ஒரு செயன்முறையைத் தோற்றுவித்து, அதனிடம் வேலையை ஒப்படைக்கும். மடவளையில் இருப்பவர் ஏவலாளனைக் கண்டிக்கு அனுப்பினால், சென்றவனே கண்டியை அடைவான். அனுப்பியவர் மடவளையிலேயே இருப்பார். அதுபோலப் புற நிரல் கோப்புறை மாறினும் ஷெல் நின்ற இடத்திலேயே நிற்கும். பெல் ஆய்வுகூடத்தில் யூனிக்ஸ் உருவான தொடக்க நாள்களில் இது மெய்யாகவே நிகழ்ந்தது. செயன்முறைகளைப் பிறப்பிக்கும் புதுவழி அமைந்ததும், அதுகாறும் புறத்தே இருந்த கோப்புறை மாற்றுங் கட்டளை பயனற்றுப் போயிற்று. அதனை ஷெல்லினுள்ளே அமைக்க வேண்டியதாயிற்று. டெனிஸ் றிச்சி 1979 இல் எழுதிய கட்டுரையில் இதனைப் பதிந்துள்ளார்.

ஒரே பெயர் அகத்தும் புறத்தும் இருக்கும்போதே மயக்கம் மிகுகின்றது. ‘எக்கோ’ புற நிரலாகவும் உண்டு. விரைவு கருதி ஷெல்லினுள்ளும் உண்டு. வேலைக்குச் சென்ற நேரத்தைக் கணிக்கும் ‘டைம்’ என்பதை, 1989 இல் வெளிவந்த பாஷ் என்னும் ஷெல் தானே கையாளும். ‘மேன்’ காட்டும் கையேடோ புற நிரலை விளக்கும். கையேட்டிற் கண்ட குறியை இட்ட மாணவன் பிழைச்செய்தி பெற்றுத் தன் அறிவையே ஐயுறுவான். கையேடு பொய்யன்று, மாணவனும் தவறினானல்லன். அவன் படித்தது ஒன்று, ஏவியது மற்றொன்று. பாஷில் நன்கு நடந்த ‘எக்கோ’, டாஷ் என்னும் வேறொரு ஷெல்லில் வேறுவிதமாய் நடப்பதும் இதனோடொத்த மயக்கமே.

இதற்கு வழி எளிது. ‘டைப்’ என எழுதி, ஐயமுற்ற பெயரை அதன்பின் இடுக. அகமோ புறமோ என்பதை ஷெல்லே உரைக்கும். பாஷில் ‘விச்’ இதற்குப் போதாது. அது வட்டிலுள்ள கோப்புகளை மட்டுமே தேடும். பாஷின் அகக் கட்டளைக்கு ‘ஹெல்ப்’, புறக் கட்டளைக்கு ‘மேன்’ எனக் கொள்க. புற நிரலே வேண்டுமாயின் அதன் முழுவழியையும் எழுதுக.

கண்டிச் சுற்றாடலிற் கணினி பயிலும் நம் மாணாக்கர், கட்டளைகளை மனனஞ் செய்யுமுன் அவற்றின் வகையை ஆராய்வாராக. தம்மேல் வீணே ஐயங்கொள்ளும் நிலை அவர்க்கு நேராதென்பது எமது துணிபு.