சுளுக்குப் புண்ணியத்தில் ஐந்து படங்கள்

வீட்டில் உட்கார்ந்து ஒரு சினிமாவை, ஆரம்பத்திலிருந்து 'வணக்கம்' வரையில், நடுவில் ஒரு தடவைகூட எழுந்திருக்காமல் நீங்கள் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று? யோசித்துச் சொல்லுங்கள், பார்ப்போம்! சட்டென்று பதில் வரவில்லை அல்லவா? எனக்கும் வரவில்லை.

முன்பெல்லாம் சினிமா பார்க்கக் கொட்டகைக்குப் போக வேண்டும். அங்கே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டோமானால், "ஒரு வாய் காப்பி கொடேன்" என்று யாரும் நம்மைக் கேட்க முடியாது. இப்போது சினிமாவே கூடத்துக்கு வந்துவிட்டது. சௌகரியந்தான்; ஆனால் யாருக்கு? குக்கர் மூன்றாவது விசில் கொடுக்கும், வாசலில் தண்ணீர் கேன்காரர் மணி அடிப்பார். படத்தை நடுவில் நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது என்பது வாஸ்தவம். நமக்காக அதை யார் அமுக்குகிறார்கள்? "நீ போய்விட்டு வா, கதையைச் சொல்கிறோம்" என்பார்கள். இதனால் கதாநாயகன் வில்லனை அடித்தது எனக்குத் தெரியும். எதற்காக அடித்தான் என்பது மட்டும் தெரியாது!

இந்த நிலைமையில்தான் மொட்டை மாடியிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கும்போது, கடைசிப் படி ஒன்று இருப்பதை மறந்து கால் வைத்தேன். கணுக்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கிவிட்டது. "பத்து நாளைக்குக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது" என்றார் டாக்டர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த என் கணவர் சமையலறைப் பிரவேசம் செய்தார். என் பெண் காலுக்கு ஒரு தலையணையும் கைக்கு ரிமோட்டும் கொடுத்தாள். எண்பத்து மூன்று வயதாகும் என் மாமியார் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

முதலில் 'காதலிக்க நேரமில்லை'. 1964-ல் ஸ்ரீதர் எடுத்த வண்ணப் படம். பணம் என்றால் பல்லிளிக்கும் பாலையாவையும், கையில் காசில்லாமலே சினிமாக் கம்பெனி ஆரம்பித்துவிட்ட நாகேஷையும் தெரியாதவர் யார்? மகன் பேய்க் கதை சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் போகிற போக்கைப் பார்த்து, சுளுக்கையும் மறந்து காலை உதறிவிட்டேன். அப்புறம் 'ஐயோ' என்று கத்தினேன். ஒரு விஷயம் கவனித்தீர்களா? அந்தக் காட்சியில் ஜாஸ்தி பேசுகிறவர் நாகேஷ். ஆனால் நாம் விழுந்து விழுந்து சிரிப்பது வாயைத் திறக்காமல் பயப்படுகிற பாலையாவைப் பார்த்து! இத்தனை நாளும் அந்தக் காட்சியைச் சமையலறையிலிருந்து காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, பாதி ஹாஸ்யம் நஷ்டமாகியிருக்கிறது.

இரண்டாவது, 'இங்கிலிஷ் விங்கிலிஷ்' (2012). டைரக்டர் கௌரி ஷிண்டே ஒரு பெண்மணி. இங்கிலீஷ் தெரியாததால் புருஷனும் பெண்ணுமே கேலி செய்யும் சசியாக ஸ்ரீதேவி. நியூயார்க்குக்குப் போன இடத்தில் ரகசியமாக வகுப்பில் சேர்ந்து படிக்கிறாள். பரீட்சை தினத்தன்று, கல்யாணத்துக்காக அவள் செய்த லட்டுகள் அத்தனையும் தரையில் உருண்டுவிடுகின்றன. சசி பரீட்சையை விட்டுவிட்டு மறுபடியும் லட்டுப் பிடிக்க உட்காருகிறாள். "நல்ல பொறுப்பான பெண்" என்றார் மாமியார். "இதென்ன அநியாயம்! லட்டுக் கடையில் கிடைக்கும், பரீட்சை கிடைக்குமா?" என்றாள் என் பெண். நான் இருவருக்கும் நடுவில் படுத்திருந்ததால் வாயைத் திறக்கவில்லை. உங்கள் கட்சி எது? 2018-ல் ஸ்ரீதேவி காலமாகிவிட்டார் என்பது படம் முடிந்த பிறகுதான் நினைவுக்கு வந்து மனத்தைப் பிசைந்தது.

மூன்றாவது, சத்யஜித் ராய் 1963-ல் எடுத்த 'மஹாநகர்' என்ற வங்காளிப் படம். "கறுப்பு வெள்ளை, அதுவும் வங்காளியா?" என்று தயங்காதீர்கள். கல்கத்தாவில் புருஷன் சம்பளம் போதாமல், வீடு வீடாகப் போய்ப் பின்னல் இயந்திரம் விற்கிறாள் ஆரதி. முதல் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொள்கிறாள். மாதவி முகர்ஜி அங்கே ஒரு வார்த்தை பேசுவதில்லை. நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது. ஓய்வு பெற்ற வாத்தியாரான மாமனார், மருமகள் சம்பாதிப்பது பிடிக்காமல், பழைய மாணாக்கர்களைத் தேடிப்போய் உதவி கேட்கிறார். இந்தப் படத்தில் வில்லன் என்று ஒருவனும் கிடையாது, எல்லோரும் நல்லவர்கள். அப்படியும் அந்த வீட்டில் எத்தனை சங்கடம்! இதுதான் நம் வீடுகளைப் போலவே இருக்கிறது. நாத்தனாராக வரும் சிறு பெண் யார் தெரியுமா? பின்னால் ஹிந்தியில் புகழ் பெற்ற ஜயா பாதுரி!

நான்காவது, 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' (2021). ஜியோ பேபி எடுத்த மலையாளப் படம். நறுக்குவது, அரைப்பது, வதக்குவது, பரிமாறுவது, எச்சில் பொறுக்குவது, பாத்திரம் தேய்ப்பது. மறுநாள் காலையில் மறுபடியும் நறுக்குவது. நிமிஷா சஜயன் சமைக்கிறார், சமைத்துக்கொண்டே இருக்கிறார். "எத்தனை தரம் இதையே காட்டுவார்கள்?" என்று அலுத்துக்கொண்டார் என் கணவர். "எத்தனை தரம் செய்கிறோமோ அத்தனை தரம்" என்றாள் பெண். அப்பீலே இல்லை!

பாத்திரம் கழுவும் தொட்டிக் குழாய் ஒழுகுகிறது. ஆளைக் கூப்பிடச் சொல்லிப் புருஷனிடம் கேட்டுக் கேட்டு அவள் வாய் வலித்துப் போகிறது. கடைசியில் அந்த அழுக்கு நீரையே புருஷன் மீதும் மாமனார் மீதும் கொட்டிவிட்டு வெளியேறுகிறாள். கொஞ்சம் அதிகந்தான் என்று எனக்குத் தோன்றிற்று. மாமியார் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒரு குழாயைச் சரி பண்ணியிருந்தால் அவள் போயிருக்கமாட்டாள்" என்றார். மறுநாள் காலையில், எங்கள் வீட்டில் இரண்டு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு ஆள் வந்துவிட்டார். காரணத்தை யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

அன்று சாயங்காலம் மாமியார், "நான் ஒரு படம் கேட்டால் போடுவீர்களா?" என்றார். 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. இதுவும் ஸ்ரீதர் படந்தான், 1962-ல் வந்தது.

"நீங்கள் பார்த்ததுதானே, அம்மா?"

"பாதிதான் பார்த்தேன். குழந்தை வீரிட்டு அழுதது. பக்கத்திலிருந்தவர்கள் 'உஸ், உஸ்' என்றார்கள். தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள், படம் விடுகிற வரையில் தாழ்வாரத்தில்தான் நடந்தேன். கதையை உன் மாமனார் சொன்னார். கேட்டது வேறே, பார்ப்பது வேறே அல்லவா?"

படத்தைப் போட்டோம். பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கும் கதை. முதல் நாள் கிழவர் வேஷம் போட்டுச் சிரிக்க வைத்த முத்துராமன் இங்கே நோயாளியாகக் கட்டிலில் கிடக்கிறார். வைத்தியம் செய்யும் டாக்டர் கல்யாண்குமார், அவர் மனைவி தேவிகாவை முன்பு காதலித்தவர். தான் இறந்துவிட்டால் அந்த டாக்டரையே மணந்துகொள்ளும்படி மனைவியிடம் கணவன் சொல்லும் இடத்தில் என் பெண்கூடக் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆபரேஷன் கட்டம் வந்தது. மாமியார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அந்தச் சமயம் பார்த்துச் சமையலறையிலிருந்து என் கணவர் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்து, "அம்மா, பெருங்காய டப்பா எங்கே?" என்றார்.

மாமியார் திரும்பவே இல்லை. "இருடா! அன்றைக்கும் இந்த இடத்தில்தான் கத்தினாய்" என்றார்.

ஆமாம் சகோதரிகளே! 1962-ல் வீரிட்ட அந்தக் கைக்குழந்தை அவர்தான்! ஒரு விநாடி விழித்தார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து, தாயாரின் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டார். ரஸத்துக்குப் பெருங்காயம் இல்லாமலே போயிற்று. படம் முடிந்ததும் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த டாக்டர் முகத்தைச் சொல்லவே இல்லையே" என்றார்.

என் கால் இப்போது குணமாகிவிட்டது. சமையலறை மறுபடி என்னிடம் வந்துவிட்டது. முழுவதும் வரவில்லை, சாயங்காலக் காப்பி அவரிடமே நிற்கிறது. படம் பார்க்க நீங்கள் காலைச் சுளுக்கிக்கொள்ள வேண்டாம். நடுவில் எழுந்திருக்க நேர்ந்தால், "கதை சொல்ல வேண்டாம், படத்தை நிறுத்துங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். பொத்தான் இருக்கவே இருக்கிறது.