மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு பொய்க்கும் இடம்

சர்க்கரை நோயைக் கண்டறிய இன்று பரவலாக எழுதித் தரப்படும் சோதனை எச்பிஏ1சி. வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. ஒருமுறை ரத்தம் கொடுத்தால் மூன்று மாதச் சராசரி கையில் வந்துவிடும். ஆனால், அரிவாள் செல் சோகை உள்ளவருக்கு இந்த எண்ணை நம்புவது ஆபத்து. ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் இந்தச் சோதனை அளக்கிறது. நலமான சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அரிவாளாய் வளைந்த அணுவோ 10 முதல் 20 நாளில் அழிந்துபோகும். சர்க்கரை ஒட்டுவதற்கே அவகாசமில்லை என்பதால், நோய் முற்றியிருந்தும் அறிக்கை ‘நார்மல்’ என்று வரலாம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அரிவாள் மரபணுவைப் பெற்றவருக்கு, இந்தச் சோதனை தேடுகிற ‘ஏ’ வகை ஹீமோகுளோபினே உடலில் உருவாவதில்லை. அவருக்கு ரத்தம் ஏற்றியிருந்தால், அறிக்கையில் தெரிவது ரத்தம் கொடுத்தவரின் ஹீமோகுளோபின்.

நோயாளிகள் சிலர்தானே, ஒரு மரபணு மட்டும் உள்ளவர்களுக்கு என்ன சிக்கல் என்று கேட்கலாம். அவர்களின் சிவப்பணு ஏறக்குறைய இயல்பாகவே வாழ்கிறது, உண்மைதான். ஆனாலும், ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒரே அளவில் இருந்தபோதும், இம்மரபணு உள்ளவர்களின் எச்பிஏ1சி சுமார் 0.3 புள்ளி குறைவாக இருந்தது. சொற்ப வித்தியாசம் என்று இதைத் தள்ள முடியாது. 6.5 சதவீதத்தில் நோய் என்று கோடு போட்டிருக்கும்போது, 6.3 என்று வந்தவர் மருந்தின்றி வீடு திரும்புவார். நீலகிரிப் பழங்குடியினரிடம் இம்மரபணு இருப்பது 1952லேயே பதிவானது. ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்கும் இலக்கோடு 2023இல் தொடங்கிய தேசியத் திட்டம், முடிவை அட்டையில் குறித்துத் தருகிறது. சர்க்கரைச் சோதனைக்கு எழுதும் மருத்துவர் அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்து, மரபணு இருந்தால் எச்பிஏ1சிக்குப் பதிலாக வெறும் வயிற்றுச் சோதனைக்கு எழுத வேண்டும் என்பதே என் வாதம்.

மலைக்கிராமத்திலிருந்து வெறும் வயிற்றோடு வரச் சொல்வது கொடுமை என்ற மறுப்பில் நியாயம் உண்டு. அதற்காகத் தவறான எண்ணை ஏற்க முடியாது. ரத்தம் எடுப்பவர்தான் விடியற்காலையில் ஊருக்குப் போக வேண்டும். வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 என்ற அளவுகோல்களுக்குச் சிவப்பணுவின் ஆயுள் தேவையில்லை. ஃபிரக்டோசமைன் சோதனை இரண்டு மூன்று வார நிலவரத்தைக் காட்டும். ஆனால் அது ரத்தப் புரதத்தைச் சார்ந்தது, சிறுநீரகம் கெட்டவர்களிடம் அதுவும் தடுமாறும். உடலில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரிலும் கவனம் தேவை. அரிவாள் செல் சோகைக்குத் தரும் ஹைட்ராக்சியூரியா, சில சென்சார்களில் சர்க்கரையை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அதைப் பார்த்து இன்சுலினைக் கூட்டினால், சர்க்கரை தாழ்ந்து மயக்கமே வரலாம்.