அக்காவுக்கு ஏன் ஓயாத தலைவலி?

மாலை ஓ.பி.யில் இப்போதெல்லாம் இப்படிப்பட்ட அக்காக்களை அடிக்கடி பார்க்கிறேன். 14, 15 வயது. தலைவலி, வயிற்றுவலி, தூக்கமில்லை. துணைக்கு வந்திருப்பது தம்பி! விசாரித்தால் பெற்றோர் விவாகரத்து. தம்பிக்கு டிபன் கட்டுவது, வேன் ஏற்றுவது, ராத்திரி அம்மா அழுதால் தேற்றுவது எல்லாம் இவள்தான். மாதக்கணக்கில் மாத்திரையில் ஓட்டிவிட்டு, முடியாமல் போன பிறகே வருகிறார்கள்.

"பொறுப்பான பொண்ணு டாக்டர்!"

பாட்டிகள் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். தம்பிக்குச் சோறு போடுவதால் எந்தப் பிள்ளைக்கும் நோய் வராது. பின்னால் ஒரு பெரியவர் இருந்து, "நீ போய்ப் படும்மா" என்று சொன்னால் அது நல்ல பழக்கம்கூட. கெடுப்பது வேறு. ஜீவனாம்சம் ஏன் வரவில்லை என்று அப்பாவிடம் இவளைக் கேட்க வைப்பது, இரு பக்கத்துப் புகாரையும் இவள் காதில் கொட்டுவது.

"மார்க் குறையலையே?" குறையாது. தம்பி தூங்கிய பிறகு உட்கார்ந்து படிக்கிறாள். குறைவது தூக்கம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும்.

"பையனுக்கு இதெல்லாம் வராது." 12 வயதுப் பையனிடம் "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை" என்கிறார்கள். அவனுக்கு அது கோபமாக, பள்ளியில் அடிதடியாக வருகிறது. அதற்கும் பெல்ட்தான் வைத்தியம் என்கிறார் ஒரு தாத்தா.

மெடிக்கல் ஷாப் வைத்தியம்

மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் வலி மாத்திரை போட்டு, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கலாம். தூக்கத்துக்கு அம்மாவின் மாத்திரையில் பாதி, அலர்ஜி மாத்திரை ஒன்று என்று யார் சொல்லித் தருகிறார்கள்? தாயத்து கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. கட்டிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

பரிசோதனை: பார்வை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின். காலையில் வாந்தியோடு தலைவலி என்றால் உடனே ஸ்கேன் பற்றிப் பேசுவோம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

அப்பாக்களே, விவாகரத்து மனைவியோடுதான். ஃபீஸையும் ஞாயிற்றுக்கிழமையையும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அம்மாக்களே, அழுவதற்கு உங்கள் அக்காவோ தோழியோ இருக்கட்டும், மகள் வேண்டாம். சித்தி, பெரியம்மா யாராவது வாரத்தில் ஒருநாள் சின்னவனைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் விளையாடப் போகட்டும். "செத்துடலாம் போல இருக்கு" என்று விளையாட்டாகச் சொன்னாலும் அன்றே கூட்டி வாருங்கள். நடுராத்திரி என்றால் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். அவளே அழைக்க விரும்பினால் குழந்தைகள் உதவி எண் 1098.