கூரை விரிப்பு எத்தனை சுருள்?

ஓட்டுக்கு அடியில் நீர்புகா விரிப்பு போட வேண்டும். இருபுறமும் சரியும் கூரை. இறவாரம் உட்பட நீளம் 12 மீட்டர், அகலம் 8 மீட்டர். இறவார மட்டத்திலிருந்து முகடு 3 மீட்டர் உயரம். சுருளின் அகலம் 1 மீட்டர், நீளம் 50 மீட்டர்.

“12 பெருக்கல் 8, 96 தானே டீச்சர்? இரண்டு சுருள் போதும்!” என்பார்கள் மாணவர்கள். அது தரையளவு. விரிப்பு போடுவது சரிவில்.

படி 1: பைதகரஸ் தேற்றப்படி, 4, 3 எனில் சரிவு 5 மீட்டர்.

படி 2: கீழ்வரிசை மேல் அடுத்த வரிசை 15 செ.மீ. ஏறணும். ஒரு வரிசைக்குப் பயன் 0.85 மீட்டர்தான். 5 ÷ 0.85 = 5.88. எனவே 6 வரிசை.

படி 3: இருபுறமும் 12 வரிசை; 12 × 12 = 144 மீட்டர். மூன்று சுருள்.

தசமத்தை வெட்டி 5 வரிசை போட்டால், முகட்டருகே 60 செ.மீ. திறந்தே கிடக்கும். மழை சொல்லிவிடும், விடை தப்புன்னு!