வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த டாக்டர்

லைப்போசக்ஷன் பார்வைக்கு எளிது. ஆனால் யாருக்கு, எங்கே, யார் கையால் என்பதில்தான் பலனும் ஆபத்தும்.

காலைப் பத்திரிகையோடு வந்து விழும் விளம்பரத் தாளில் இரண்டு படங்கள். 'முன்பு' படத்தில் சரிந்த தொப்பை. 'பின்பு' படத்தில் ஒடுங்கிய இடை. கீழே சுலபத் தவணை வசதி. இரண்டு படங்களுக்கும் நடுவே என்ன நடக்கும் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

நடுவே நடப்பது ஓர் அறுவை சிகிச்சை. தோலில் சில மில்லிமீட்டர் அளவுக்குத் துளையிடுகிறார்கள். மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்னும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்த உப்பு நீரை உள்ளே செலுத்துகிறார்கள். பிறகு ஒரு மெல்லிய குழாயை முன்னும் பின்னும் அசைத்துக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். மழுங்கிய முனைக் குழாயை எழுபதுகளின் பிற்பகுதியில் பிரபலமாக்கியவர் பாரிஸைச் சேர்ந்த இல்லூஸ். இந்த மருந்து நீர் முறையை 1987-இல் வெளியிட்டவர் கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன். அதன் பிறகுதான் ரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது.

இந்தச் சிகிச்சையைத் தேடிப் போகிறவர்களில் பலர் எதிர்பார்ப்பது எடைக் குறைப்பு. அங்கேயே தவறு தொடங்குகிறது. குழாய்க்கு எட்டுவது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு மட்டும். குடலையும் கல்லீரலையும் சூழ்ந்திருக்கும் கொழுப்பை அது தொடாது. நம்மவர்களின் 'பானை வயிற்றில்' பெரும்பங்கு வகிப்பதும், சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் துணை போவதும் அந்த உள்கொழுப்புதான். அமெரிக்காவில் 15 பருமனான பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2004-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. ஏராளமான கொழுப்பை எடுத்தும், இன்சுலின் செயல்பாட்டிலோ ரத்த அழுத்தத்திலோ முன்னேற்றம் இல்லை.

அப்படியானால் இது யாருக்கு? எடை ஏறக்குறைய சரியாக இருந்தும், உடற்பயிற்சிக்கு மசியாமல் தொடையிலோ இடுப்பிலோ தாடைக்குக் கீழோ கொழுப்புத் திரண்டிருப்பவர்களுக்கு. தோலில் இழுவிசை இருக்க வேண்டும். பிள்ளைப்பேற்றுக்குப் பின் தொய்ந்துபோன வயிற்றில் கொழுப்பை மட்டும் எடுத்தால் தோல் இன்னும் தொங்கக்கூடும். அதற்கு வேறு அறுவை சிகிச்சை உண்டு. சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் இறுக்கமான உடை அணிய வேண்டும். வீக்கம் முழுவதும் வடியச் சில மாதங்கள் ஆகும். பழையபடி சாப்பிட்டால் மிச்சமிருக்கும் கொழுப்புச் செல்கள் மீண்டும் பருக்கும்.

ஆபத்துகள் அரிது, ஆனால் கொடியவை. நுரையீரல் ரத்தக் குழாயில் அடைப்பு, குடலில் துளை, தொற்று, மரப்பு மருந்து மிகையாகி விஷமாதல். அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்களிடம் நடத்தி 2000-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, ஏறக்குறைய 5,000 சிகிச்சைகளுக்கு ஒரு மரணம் என்றது. 2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு நீக்கச் சிகிச்சைக்குப் போன கன்னட டி.வி. நடிகை சேத்தனா ராஜுக்கு வயது 21. நிலைமை மோசமானதும் அவரை வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், உயிர் பிழைக்கவில்லை. பெற்றோர் அலட்சியம் என்று புகார் செய்தார்கள்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது பட்டத்தை. எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். முடித்து, பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. பெற்றவரா? பெயர்ப் பலகையில் 'காஸ்மெடிக் சர்ஜன்' என்று இருப்பது மட்டும் போதாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலும் மாநில மருத்துவ கவுன்சிலிலும் அவர் பெயரைச் சரிபார்க்கலாம். சிறு பகுதிகளுக்குப் பயிற்சி பெற்ற தோல் மருத்துவர்களும் இதைச் செய்கிறார்கள். அவர்களிடமும் கேள்விகள் ஒன்றுதான்.

எத்தனை லிட்டர் எடுப்பீர்கள்? ஐந்து லிட்டருக்கு மேல் போனால் அது பெரிய அளவு. இரவு மருத்துவமனையில் தங்கிக் கண்காணிக்க வேண்டும். அந்த ஐந்து லிட்டரிலும் செலுத்திய நீர் கலந்திருக்கும் என்பதால் எடையில் ஐந்து கிலோகூடக் குறையாது. மயக்க மருந்து நிபுணர் உடனிருப்பாரா? ஐ.சி.யூ. இந்தக் கட்டடத்திலேயே உண்டா? நள்ளிரவில் மூச்சுத் திணறினால் போனை எடுப்பது யார்? படங்கள் அவரே சிகிச்சை செய்தவர்களுடையவையா? கூச்சப்படாமல் கேளுங்கள். எரிச்சலோடு பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. விளம்பரம் செய்து நோயாளிகளைப் பிடிப்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகளின்படி தவறு. கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று சுப்ரீம் கோர்ட் 1995-இல் சொல்லிவிட்டது. ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்றது 2008-ஆம் ஆண்டின் தீர்ப்பு. எனவே சம்மதப் படிவத்தை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவசரமாகக் கையெழுத்திடாமல், முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். அழகுக்கான சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது என்பதால் செலவு முழுதும் உங்களுடையது. சிக்கல் வந்தால் ஆகும் செலவு பற்றியும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு டாக்டர்களையாவது பாருங்கள். உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், மாத்திரைகள் எல்லாம் விசாரித்து, "இது உங்களுக்கு வேண்டாம், முதலில் எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்கிறவர் ஒரு வருமானத்தை இழக்கிறார். பின்னால் தேவைப்பட்டால், தேடிப் போக வேண்டியது அவரிடம்தான். சலுகை நாளையோடு முடிகிறது என்று அவசரப்படுத்துகிறவரிடம் வேண்டாம். கொழுப்பு எங்கும் ஓடிவிடாது.