துணி உலர்த்தியின் பிழைக் குறியீடுகள்: எவ்வளவு நம்பலாம்?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அடுக்குமாடி வீடுகளில் துணி காய வைப்பது பெரும்பாடு. அதனால் பலர் துணி உலர்த்தியை வாங்கி வைத்திருக்கிறோம். அது திடீரென நின்று, திரையில் ஓர் எழுத்தும் எண்ணும் மின்னினால், கையேட்டைப் புரட்டி, அதில் குறித்துள்ள உறுப்பை உடனே மாற்றிவிட நினைக்கிறோம். பணம் வீணாகும் இடம் இதுதான்.

இயந்திரத்தின் மின்னணுப் பலகை, கம்பிகளின் வழியே வரும் மின் அளவுகளை மட்டுமே அறியும். அளவு எல்லை மீறினால் அதற்குரிய குறியீட்டைக் காட்டும். அளவு ஏன் மீறியது என்பது அதற்குத் தெரியாது. காய்ச்சல் என்பது பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறியாக இருப்பதைப் போலத்தான் இதுவும். சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

'வெப்ப உணரி பழுது': தெர்மிஸ்டர் எனப்படும் இவ்வுணரியின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். பல இயந்திரங்களில் அது 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 10,000 ஓம். இணைப்பு தளர்ந்து மின்னோட்டம் தடைப்பட்டாலும், உணரியே கெட்டுவிட்டதாகப் பலகை அறிவிக்கும். இணைப்பைச் சரிபார்த்து, மல்டிமீட்டரால் அளந்த பிறகே புதிய உணரியை வாங்க வேண்டும்.

'நீர்த்தொட்டி நிறைந்தது': கண்டென்சர் வகை உலர்த்தி, துணியின் ஈரத்தை நீராக்கி, பம்பின் மூலம் தொட்டிக்கு ஏற்றுகிறது. தொட்டி காலியாக இருந்தும் இவ்விளக்கு எரிவதுண்டு. பல மாதிரிகளில் நீர்மட்டத்தைக் காட்டும் மிதவை, இயந்திரத்தின் அடியில் நீர் சேரும் குழியில் இருக்கிறது. பஞ்சுத் துகள் பம்பை அடைத்தாலோ மிதவை சிக்கிக்கொண்டாலோ தொட்டியைக் காலி செய்து பயனில்லை.

'சூடேற்றி பழுது': வடிகட்டியில் பஞ்சு அடைத்தால் காற்றோட்டம் குறைந்து, சூடு மிஞ்சி, பாதுகாப்பு உருகி அறுந்துவிடும். பழி சூடேற்றியின் மேல் விழும். அடைப்பை நீக்காமல் உருகியை மட்டும் மாற்றினால் அது மீண்டும் அறுந்துபோகும். உருகியை விலக்கிக் கம்பிகளை நேராக இணைப்பது பேராபத்து. பஞ்சுத் துகள் எளிதில் தீப்பற்றும்.

குறியீடே தோன்றாத பழுதும் உண்டு. உருளைக்குள் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகளை ஈரத்துணி தொடும்போது மின்சாரம் பாய்கிறது. ஈரம் இருப்பதை இயந்திரம் இப்படித்தான் அறிகிறது. துணி மென்மையாக்கியின் படிவு பட்டைகளை மூடினால், ஈரத்துணியையும் உலர்ந்ததாகக் கருதி நின்றுவிடும். பட்டைகளைத் துடைத்தாலே போதும்.

ஆகவே, குறியீட்டைக் கண்டதும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்செருகியைக் கழற்றுங்கள். வடிகட்டி, நீர்த்தொட்டி, காற்றுவழி ஆகியவற்றைத் துப்புரவு செய்து மீண்டும் இயக்கிப் பாருங்கள். அதே குறியீடு திரும்பவும் வந்தால் மின்பழுது பார்ப்பவரை அழையுங்கள். இயந்திரத்தின் உள்ளே கைவைப்பது அவர் வேலை. குறியீட்டோடு, நீங்கள் ஏற்கெனவே செய்து பார்த்தவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். உறுப்பை மாற்ற வேண்டும் என்று அவர் கூறினால், "அளந்து பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, தேவையற்ற செலவைத் தவிர்க்கக்கூடும்.