மாத்திரை அட்டையின் மூலையைப் பாருங்கள்

கோலார் தங்கவயலில் (கே.ஜி.எஃப்.) ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ மெடிக்கல் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்: "அதே தூக்க மாத்திரைதாண்ணா, அட்டை கொண்டாந்திருக்கேன்." டாக்டர் சீட்டு கேட்பதில்லை, பில்லும் போடுவதில்லை. காலி அட்டையைக் காட்டினால் போதும், புது அட்டை கைக்கு வந்துவிடுகிறது. வாங்குகிறவர் பல நேரம் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவுக்காக வந்த பிள்ளைதான். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியது. கல் தூசி தந்த நுரையீரல் நோயான சிலிகோசிஸ் மூடவில்லை. ராத்திரியெல்லாம் இருமல், அதனால் இருமல் மருந்து, தூக்கத்துக்கு மாத்திரை.

இது சின்ன விஷயம் இல்லை. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை எல்லாமே மூச்சை மந்தமாக்கக் கூடியவை. இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால், கூடவே சாராயமும் உள்ளே போயிருந்தால், கல் தூசி அரித்த நுரையீரல் தூக்கத்திலேயே நின்றுபோகலாம்.

அரசாங்கம் இந்த மருந்துகளைத் தரம் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று போதைக்கு இழுக்கும் அளவைப் பார்த்து ஐந்து அட்டவணை போட்டது. நம் நாட்டில் அப்படி ஒரே ஏணி கிடையாது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் எச், எச்1, எக்ஸ் என்று அட்டவணைகள் உண்டு. போதைப்பொருள்களுக்கு 1985-ஆம் ஆண்டு என்.டி.பி.எஸ். சட்டம் தனி. அல்பிரசோலம், டயசிபாம் இரண்டு சட்டத்துக்குள்ளும் வரும். டிரமடாலும் 2018-இல் என்.டி.பி.எஸ். பட்டியலில் ஏறியது. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 பட்டியலில் காசநோய் மருந்துகளும் சில ஆன்டிபயாடிக்குகளும் இருப்பதால், அதை வெறும் போதைப் பட்டியல் என்று நினைக்க வேண்டாம்.

சட்டப் புத்தகத்தைத் தேட வேண்டியதில்லை, அட்டையின் மூலையைப் பாருங்கள். 'ஆர்எக்ஸ்' என்றிருந்தால் டாக்டர் சீட்டு வேண்டும். சிவப்பில் 'என்ஆர்எக்ஸ்' என்றிருந்தால் என்.டி.பி.எஸ். மருந்து. 'எக்ஸ்ஆர்எக்ஸ்' என்றால் இருப்பதிலேயே கடுமையான கட்டுப்பாடு. சீட்டு இரண்டு பிரதி, ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். எச்1 மருந்துக்குச் சிவப்புக் கட்டத்தில் எச்சரிக்கை இருக்கும். அதை விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேடு மூன்று வருடம் கடையில் இருக்க வேண்டும்.

சீட்டில் தேதி, டாக்டர் கையெழுத்து, நோயாளியின் பெயர், விலாசம், மருந்தின் மொத்த அளவு, எவ்வளவு எப்போது சாப்பிட வேண்டும் என்பது எல்லாம் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பாருங்கள். மறுபடி வாங்கலாம் என்று டாக்டர் எழுதாத சீட்டு ஒரு தடவைக்குத்தான். பில்லைக் கேட்டு வாங்குங்கள். மாரிகுப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் என்ஆர்எக்ஸ் மாத்திரையைச் சீட்டும் பில்லும் இல்லாமல் பையில் வைத்துக்கொள்ளவே கூடாது. சொந்த மருத்துவத் தேவைக்கு 100 மாத்திரை வரையும், நீண்ட காலச் சிகிச்சை என்று டாக்டர் குறிப்பாக எழுதியிருந்தால் 300 வரையும் வைத்திருக்க விதி இடம் தருகிறது. போலீஸ் கேட்டால் காட்ட வேண்டியது அந்தக் காகிதத்தைத்தான்.

சீட்டில்லாமல் விற்கும் கடை மேல் புகார் யாரிடம் கொடுப்பது? கே.ஜி.எஃப்.க்குத் தனி எஸ்.பி. இருக்கிறார் என்று எல்லோரும் ஸ்டேஷனுக்கே போகிறார்கள். கடை லைசென்ஸ் போலீஸ் கையில் இல்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கையில் இருக்கிறது. கோலாரில் உள்ள உதவி மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். கன்னடத்தில் எழுதுங்கள், உங்களுக்கு வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வரும். கடைப் பெயர், லைசென்ஸ் எண், தேதி, மருந்தின் பெயர், அட்டையில் உள்ள பேட்ச் எண் எல்லாம் எழுதி, அட்டையின் படத்தையும் வையுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள், இல்லாவிட்டால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். பதில் வராவிட்டால், என் மனு மேல் என்ன நடவடிக்கை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் சொல்லியாக வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. மூன்று வருடப் பதிவேடு கடையில் இருக்கிறதா என்று போய்ப் புரட்டிப் பார்ப்பது இன்ஸ்பெக்டரின் வேலை. சம்பளம் அதற்குத்தான். இதையும் நாம் மனுப் போட்டு நினைவூட்ட வேண்டியிருப்பது கொடுமை.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. மாதக்கணக்கில் தூக்க மாத்திரை சாப்பிட்டவருக்கு, இதைப் படித்த கோபத்தில் இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். அட்டையைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். டாக்டர் சொல்லித்தான், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். கோலார் எஸ்.என்.ஆர். மாவட்ட ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைக் கேளுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் போதைப் பழக்கச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போக முடியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446-க்குப் போன் போடுங்கள், காசு கிடையாது. இந்த மாத்திரைகளுக்கு அடிமையான இளைஞர்கள் வழக்கு வருமோ என்று பயந்து ஒளிகிறார்கள். சிறு அளவு வைத்திருந்தவர் தானாக வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால், அந்தக் குற்றத்துக்கு வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்று என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு சொல்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகும். அதனால் சேர்த்துவிட்டோம் என்று திரும்பி வந்துவிடாமல், முடியும் வரை வீட்டார் ஒருவர் கூடவே போய் வாருங்கள்.